அரைப்பேர் பதில்கள்

முதல் தடவை எஸ்.எஸ்.சி. பரீட்சையில் நான் தவறியது படிக்காததால் அல்ல. எரிச்சலே அதில்தான். சரித்திரப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை பதினொரு தடவை வாசித்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் முடித்தபின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். அதனால் எண்ணிக்கையில் சந்தேகமில்லை. மற்றப் பாடப் புத்தகங்களும் அதே கணக்குத்தான். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அடுத்த வரி இன்னதென்று தெரிந்தது. ஹட்டனில் பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளை விரித்தபோதோ, அந்த விடை இடதுபக்கம் ஒரு படத்துக்குக் கீழே இருந்தது என்பது மட்டுந்தான் ஞாபகம் வந்தது. படம் தெளிவாகத் தெரிந்தது. விடை தெரியவில்லை.

இது ஐம்பதுகளின் நடுவில். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின்கீழ் பன்னிரண்டு காம்பராக்கள், அதாவது ஒற்றை அறை வீடுகள், கொண்ட லயத்தில், ஐந்தாவது காம்பராவில் அப்பா, அம்மா, அக்கா, நான். பதினேழு வயதுப் பையன் வேலைக்குப் போகாமல் லயத்தில் உட்கார்ந்திருப்பது எல்லோர் கண்ணிலும் படும். அப்பா தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் பேசி எனக்கு ஒரு வருடம் அவகாசம் வாங்கி வந்தார். மறுபடி ஒரு தடவை எழுதலாம். அதிலும் தவறினால் செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் பேர் பதிந்துவிட வேண்டும், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட ஆள் தேவை. சித்தியடைந்தால் ஏதாவதொரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பேர் பதிந்தபின் மறுபடி புத்தகத்தைத் தொட்டவர் எங்கள் லயத்தில் ஒருவர்கூட இல்லை. இது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பன்னிரண்டாவது தடவை வாசிக்க உட்கார்ந்த ஒரு பகல் பொழுதில், மூன்று பக்கம் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, வாசித்ததை எழுதிப் பார்த்தேன். நான்கு வரி வந்தது. அதில் ஒன்று தவறு. பதினொரு தடவை நான் செய்தது படிப்பல்ல, தெரிந்த முகங்களைப் பார்த்துத் தலையாட்டியது என்று அப்போதுதான் உறைத்தது. இதைச் சொல்ல ஆசிரியர் யாரும் இருக்கவில்லை. பாடசாலையில் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: இன்னும் ஒரு தடவை வாசி.

தோட்ட ஆபீஸ் கிளாக்கரிடம் பழைய தினக் காலண்டர் தாள்களைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு தாளையும் நான்காகக் கத்தரித்து, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் எழுதினேன். எல்லாத் துண்டுகளும் ஒரு பால்மா டின்னுக்குள் போயின. கண்ணை மூடி ஒன்றை எடுப்பது, பதிலைச் சொல்வது, திருப்பிப் பார்ப்பது. சரியென்றால் இரண்டாவது டின்னுக்குப் போகும், மூன்று நாள் கழித்து மறுபடி வரும். பிழையென்றால் அதே டின்னுக்குள் திரும்பும். முறையில் குறையில்லை. குறை என்னிடம் இருந்தது. துண்டைத் திருப்பிப் பார்த்ததும், ‘இதைத்தானே நானும் நினைத்தேன்’ என்று சொல்லி இரண்டாவது டின்னில் போட்டுவிடுவேன். பத்து நாளில் முதல் டின் ஏறக்குறைய காலியாகிவிட்டது. என் தகுதிக்கு அது நம்பக்கூடிய வேகமல்ல.

ஆகவே டின்னை அக்காவிடம் கொடுத்தேன். அந்த வருடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. ஆனால் அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

அக்கா எனக்கு மூன்று வயது மூத்தவள். தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புவரை படித்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனவள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, ஈரச் சாக்கைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து டின்னைத் திறப்பாள். நிறுவைக்காரரிடம் அவள் பகல் முழுவதும் படுவதை எனக்கும் கொடுத்தாள். கூடையைக் கவிழ்த்து, முற்றல் இலையைப் பொறுக்கி வெளியே போட்டு, ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழித்தபின்தான் அங்கே நிறுவை. கழித்தது போக மிஞ்சியது அன்றைய அளவுக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அக்கா என் பதில்களையும் அப்படியே உதறினாள். ‘வந்து’ என்று ஆரம்பித்தால் கழிவு. ‘கிட்டத்தட்ட’ என்றால் கழிவு. பதில் பாதி வந்தால், “அரைப்பேரு. திருப்பி டின்னுக்குள்ள போடு” என்பாள். வாதாடினால் அடுத்த துண்டை எடுத்துவிடுவாள். மேல்முறையீடு கிடையாது.

பழைய லயங்களில் காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாது. ஒரு காம்பராவில் இருமினால் பன்னிரண்டிலும் கேட்கும். என் பதில்களும் கேட்டன. இரண்டு மாதத்துக்குள் என் பாடத்திட்டம் முழு லயத்துக்கும் மனப்பாடம். எனக்கு மட்டும் ஆகவில்லை.

காலையில் பல் விளக்கத் தண்ணீர்ப் பீலிக்குப் போனால், அடுத்த காம்பராப் பெரியம்மா குடத்தைத் தண்ணீருக்குக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

“ஏம்பா, மலேரியாக் கொசு பேரு என்னா?”

“வாய் கொப்புளிச்சிட்டுச் சொல்றேன் பெரியம்மா.”

“பரீட்சையிலயும் வாய் கொப்புளிச்சிட்டு வாறேன்னுதான் சொல்லுவியா?”

“கியூலெக்ஸ்.”

“ம். இப்ப கொப்புளி.”

நாங்கள் இருந்த உயரத்தில் மலேரியா கிடையாது. மலேரியாக் கொசுவை எங்களில் ஒருவரும் கண்டதுமில்லை. ஆனாலும் அந்தக் கேள்விதான் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. சொல்ல ஒரு மாதிரியாக இருந்ததால் இருக்கலாம். கொழுந்துக்காரிகள் வரிசையாக மலைக்கு ஏறும்போது என்னைக் கண்டால் ஒருத்தி ‘கியூலெக்ஸ்’ என்பாள். பின்னால் வருகிறவள் ‘மட்டக்களப்பு’ என்பாள். மகாவலி எங்கே கடலில் விழுகிறது என்ற கேள்விக்குரியது அது. மூன்றாவது ஆள் கண்டி இராச்சியம் விழுந்த ஆண்டைச் சொல்வாள். பதில் சொல்லாமல் போனால் மாலையில் அம்மாவிடம் புகார் வந்துவிடும். அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் எந்தக் கேள்வியில் நான் எத்தனை தடவை தடுக்கினேன் என்று கணக்கு வைத்திருந்தார். சாப்பாடு போடும்போது அது வெளியே வரும்.

எனக்கு எரிச்சலாக இருந்தது என்று எழுதினால் போதாது. லயத்துப் பின்பக்கம் கழிவறைக்குப் போகும் வழியிலும் கேள்வி கேட்டார்கள். ஆனால் ஆறு மாதம் முடிகையில் இரண்டாவது டின் நியாயமாகவே நிறைந்திருந்தது. எந்தக் கேள்வியை யார் எப்போது கேட்டாலும் பதில் வந்தது. பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை. கூரைத் தகரம் ஒழுகி டின்னுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. அக்கா எடுத்த துண்டில் கேள்வி இருந்தது, பின்பக்கம் மை கரைந்துபோயிருந்தது. நான் வழக்கம்போல் கியூலெக்ஸ் என்றேன். அவள் நம்பவில்லை. விடையைப் பார்க்காமல் முழுப்பேர் போட்டுப் பழக்கமில்லாதவள். சுகாதாரப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தேடி, விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். நெடுநேரம் கூட்டினாள்.

“இதுல வேற பேரு போட்டிருக்குடா.”

உனக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றேன். அவள் மறுபடி கூட்டினாள். அ, னோ, பி, லிஸ். புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். அனோபிலிஸ்தான் மலேரியாவுக்கு. கியூலெக்ஸ் அடுத்த பந்தியில் யானைக்கால் நோய்க்கு இருந்தது.

நடந்தது இதுதான். துண்டுகளின் பின்பக்கம் விடைகளை எழுதியபோது நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. பதினொரு தடவை வாசித்தவனுக்குப் புத்தகம் எதற்கு என்று ஞாபகத்திலிருந்தே எழுதியிருந்தேன். எந்த ஞாபகத்தை நம்பக்கூடாதென்று சோதிக்கப் புறப்பட்டேனோ அதையே விடைத்தாளாக வைத்துக்கொண்டேன். பிறகு பல மாதம், ஒரு லயம் முழுவதும் காவல் நிற்க, என் சொந்தப் பிழைகளை ஒன்றும் சிந்தாமல் சிதறாமல் மனப்பாடம் செய்திருந்தேன்.

“இத்தன நாளா தப்பான தராசுலயா நிறுத்தேன்?” என்றாள் அக்கா.

“தராசு சரிதான். படிக்கல்லுதான் தப்பு.”

“கல்லு போட்டது யாரு?”

திங்களும் செவ்வாயும் முழுப் பகலும் உட்கார்ந்து எல்லாத் துண்டுகளையும் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். முந்நூற்று நாற்பதில் முப்பத்தொன்று பிழை. மகாவலி கடலில் விழுவது திருகோணமலைப் பக்கம். கண்டி விழுந்தது 1815இல். நான் எழுதி வைத்திருந்த 1818 அதற்குப் பிறகு கலகம் நடந்து அடக்கப்பட்ட ஆண்டு. சரியானதைக் கற்பதைவிடப் பிழையாகக் கற்றதைக் கழற்றுவது கடினம் என்பதை அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டேன். அறிவைத் திருத்தியபிறகும் வாய் பழையதையே சொன்னது.

லயம் அதைவிட மோசம். பீலியில் பெரியம்மாவிடம், இனி அனோபிலிஸ் என்று சொன்னேன். அவர் குடத்தை இறக்கி வைத்தார்.

“நீதானே வருசம் பூரா கியூலெக்சுன்னு கத்துன? இப்ப கொசு பேரு மாறிப்போச்சா?”

“நான் தப்பா எழுதி வச்சிட்டேன் பெரியம்மா.”

“தப்பா எழுதுனவன் இப்ப சொல்றது மட்டும் சரின்னு எப்புடி நம்புறது?”

நியாயமான கேள்வி. பிற்காலத்தில் பத்திரிகைக்காரனாக நான் உட்கார்ந்த செய்தி மேசைகளில்கூட அதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. அன்று அதை நியாயமென்று ஒப்புக்கொள்ளும் நிலையில் இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா முப்பத்தொன்றையும் தனியாகக் கட்டிவைத்தாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. சரியான பதிலோடு அவள் விடவில்லை. முன்பு சொன்ன பிழையையும் சொல்ல வேண்டும், அது ஏன் பிழை, அது உண்மையில் எதற்குரியது என்றும் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்று கத்தினேன். அவள் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டே, “ஏன் இல்லேன்னு தெரியாதவனுக்கு ஏன் ஆமான்னு எப்புடித் தெரியும்?” என்று கேட்டுவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மாலையில் வந்து விட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்தாள்.

பரீட்சை டிசம்பரில். முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு. பூமிசாத்திரத்தில் மகாவலியின் வழியைப் படத்தில் காட்டிக் கழிமுகத்தைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். பேனா ‘ம’ என்று எழுதிவிட்டது. அதை வெட்டிவிட்டுத் திருகோணமலை என்று எழுதினேன். சுகாதாரத்தில் கொசு வரவே இல்லை. சரித்திரத்தில் 1815ஐ வினாத்தாளே போட்டுக் கொடுத்துவிட்டு, காரணங்களை விளக்குக என்றது. முந்நூற்று நாற்பது துண்டுகளில் முக்கால்வாசி எப்போது, எங்கே, எது. ஏன் என்று நானாக எழுதியது மிகக் குறைவு. அக்கா கடைசி மூன்று வாரம் கேட்ட ஏன்களை வைத்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மூன்று பக்கம் எழுத வேண்டிய கேள்வி அது.

பெறுபேறு வர மாதங்களாகும். கணக்கப்பிள்ளை கொடுத்த வருடம் டிசம்பரோடு முடிந்தது. வந்தபின் பார்த்துக்கொள்ளலாமே என்று அப்பாவிடம் கேட்டேன். சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்றார். ஜனவரியில் பேர் பதிந்து, கையில் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தார்கள். முதல் வாரத்திலேயே உள்ளங்கை பிய்ந்தது. புத்தகத்தைத் தொட்டேனா என்று கேட்டால், இல்லை. லயத்தில் யாரும் என்னைக் கேள்வியும் கேட்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஏப்ரலில் ஒருநாள் காலை, பெரட்டில் பேர் கூப்பிடுமுன் கிளாக்கர் ஒரு கடித உறையோடு வந்தார். ஏழு பாடத்தில் ஆறு சித்தி. சுகாதாரத்திலும் பூமிசாத்திரத்திலும் திறமைச் சித்தி, சரித்திரம் சாதாரணம், கணிதம் இல்லை. சான்றிதழுக்கு ஆறு போதும். கிளாக்கர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். அப்பா மற்ற ஆண்களோடு நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை, தலையிலிருந்த கம்பளியை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அக்கா பெண்கள் வரிசையிலிருந்து சத்தமாகக் கேட்டாள்.

“சரித்திரத்துல ஏன் சாதாரணம்?”

கணக்கப்பிள்ளை செக்ரோலைத் திறந்து என் பேரைப் பென்சிலால் வெட்டினார். “இன்னையிலேருந்து ஒனக்குப் பேரு இல்ல. கத்திய ஒப்படச்சிட்டுப் போ” என்றார். யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டேன். கத்தி கொடுத்தவர் மேல் டிவிஷனுக்குப் போய்விட்டாராம், மாலை நான்கு மணிக்குத்தான் வருவாராம், அதுவரை கத்தி என் பொறுப்பாம். ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமும் மலைக்கு ஏறினார்கள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, ஏற்கெனவே நேரமாகியிருந்தது. நான் ஒரு கையில் கடிதமும் ஒரு கையில் கத்தியுமாக நாலு மணிவரை பெரட்டுக் களத்தில் நின்றேன்.