ஒரு ஆள் பாரம்

சிலாபத்தில் படகு செய்யும் ஜூட் பாஸ் அழைத்தபோது நான் பாண் வாங்க பேக்கரியில் நின்றிருந்தேன். "ரெஜினா மிஸ் போயிட்டா" என்றார். எங்கே என்று கேட்டேன். "கூட்டுக்குள்ளதான்."

கற்பிட்டிப் பக்கம், களப்போரத்தில், தன் கெப் வாகனத்தின் திறந்த பின்தட்டில் ஏற்றியிருந்த அந்தச் சிறிய அறைக்குள் படுத்தபடியே போயிருந்தார். மாரடைப்பு என்றார் வைத்தியர். காலையில் வலை இழுக்க வந்தவர்கள் கண்டபோது கதவு திறந்திருந்தது. எப்போதும் மடித்தே வைத்திருக்கும் இரும்புப் படி கீழே இறக்கி விடப்பட்டிருந்தது.

அடக்கத்தன்று கோயிலிலிருந்து சேமக்காலைக்குப் பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். பாதி வழியில் தோள் மாற்ற நின்றோம். "ஒல்லி மனுசி. இவ்வளவு பாரமா?" என்று முன்னால் நின்றவர் மெல்லக் கேட்டார். "தேக்குப் பெட்டியாக்கும்" என்றார் இன்னொருவர். அது தேக்கு அல்ல, மலிவான பலகை.

ரெஜினாவை உங்களில் பலர் குரலால் அறிவீர்கள். இந்தக் கரையின் செய்திகளை அவர் வானொலிக்குச் சொன்னார், நான் பத்திரிகைக்கு எழுதினேன். ஒரே சம்பவத்துக்கு இருவரும் போவோம். கேள்விகளில் பாதியை அவரே கேட்டுவிடுவார். ஒருமுறை சிலாபம் மீன் சந்தையில் யானைக்குட்டி அளவு சுறா வந்திருப்பதாக ஊரே பேசியது. நான் பேனாவை எடுத்துவிட்டேன். ரெஜினா மீன் முதலாளியிடம் போனார். "தராசில போடுங்கோ முதலாளி. யானைக்குட்டியா, ஆட்டுக்குட்டியா எண்டு பார்ப்பம்." முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுறா ஆட்டுக்குட்டிப் பக்கம்தான் நின்றது. "நிறுத்துப் பார்த்திட்டு எழுதும்" என்று திரும்பும் வழியில் எனக்குச் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

கெப்பின் மேல் ஒரு கூடு வைத்துக்கொண்டு கரை முழுக்கப் போய்த் தங்க வேண்டும் என்பது அவருக்கும் கணவர் அல்போன்ஸுக்கும் நெடுநாள் ஆசை. வாகனத்தை ஓட்டுவது அல்போன்ஸ். என்ன கூடு என்பதில்தான் இருவருக்கும் வழக்கு.

"துணிக்கூடு போதும். பாரம் கூடினா மணலில புதைஞ்சிடும்" என்பார் அல்போன்ஸ்.

"வண்ணாத்திவில்லுப் பக்கம் யானை வந்து துணியை விலக்கினா?"

"உன்ர சத்தத்துக்கு யானை வராது."

மீன் லொறிகளுக்குப் பூட்டும் அலுமினியப் பெட்டியொன்றைப் போய்ப் பார்த்தார்கள். சுவர் நல்ல உறுதி, ஆனால் பழைய கெப்பின் ஸ்பிரிங் தாங்காது. ஒட்டுப்பலகை மலிவு, ஆனால் மழையைக் குடிக்கும். துணியோ கச்சான் காற்றில் ஒரு பருவம்கூட நில்லாது; பூட்டுப் போடவும் முடியாது. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில் அல்போன்ஸ் வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். உயரம் குறைவு என்றாலும் நல்ல உடற்கட்டான மனிதர். கடைசியில் கட்டிலிலிருந்து அவரைத் தூக்க ஒரு தாதியே போதுமாக இருந்தது.

அவர் போன பிறகுதான் ரெஜினா ஜூட் பாஸிடம் வந்தார். படகு செய்யும் அதே கண்ணாடி இழையில், இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே கட்டியான நுரைத் தட்டு வைத்து, பாஸ் சுவர் அமைத்தார். கூரையும் அப்படியே. தட்டினால் படகின் சத்தம் கேட்கும். நாலு பேர் சேர்ந்தால் முழுக் கூட்டையும் தூக்கி வைக்கலாம். "அவர் கேட்ட பாரம், நான் கேட்ட சுவர். ரெண்டு பேர்ர வழக்கும் தீர்ந்துது" என்றார் ரெஜினா.

தீர்ந்ததா என்பதையும் நிறுத்துப் பார்க்காமல் விடவில்லை. புத்தளத்தில் உப்பு லொறிகளை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொண்டவர் நிஸார் நானா. கூடு ஏற்றிய அன்றே கெப்பை மேடையில் விட்டு நிறுத்தோம். ஸ்பிரிங் தாங்கும் அளவுக்குள்தான் இருந்தது.

முதல் பயணம் முடிந்து வந்ததும் மறுபடி மேடையில் ஏற்றினார். நானும் போயிருந்தேன். தண்ணீர்க் கேன், பாய், பெட்டி எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு இருவரும் தள்ளி நின்றோம். உச்சி வெயில். உப்புக் குவியல்களுக்கு நிழல்கூட இல்லை. யன்னலுக்குள்ளிருந்து நிஸார் நானா கையைக் காட்டினார்.

"அக்கா, உள்ளுக்கு ஈக்கிற ஆளையும் எறங்கச் செல்லுங்க."

"உள்ளுக்கு ஒருத்தரும் இல்ல நானா."

"பகிடி உடாதீங்க. போன முறைய விட அறுபது கிலோ கூட."

நான் கதவைத் திறந்தேன். வெறும் பலகைக் கட்டில், சாத்திய யன்னல். நிஸார் நானாவும் வந்து எட்டிப் பார்த்தார். உதடு அசைய ஏதோ ஓதியபடி பின்வாங்கினார்.

"அறுபதோ? வடிவாப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றார் ரெஜினா.

"அறுபதுதான் அக்கா."

ரெஜினா கூட்டின் பக்கம் திரும்பினார். "அப்ப, வருத்தத்துக்கு முந்தின ஆள்" என்றார். அவர் சிரித்தாரா என்று என்னால் இன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஜூட் பாஸுக்கு இதில் மர்மம் எதுவும் இல்லை. ஆணித்துளை வழியே ஈரம் இறங்கி நுரைத் தட்டு ஊறியிருக்கிறது, படகுகளில் நடப்பதுதான். "சுவரில ஒரு துண்டு வெட்டிப் பார்ப்பம் மிஸ். இப்பிடியே ஓடினா ஸ்பிரிங் உடையும். பிறகு கூட்டையே கழட்டோணும்." ரெஜினா பார்க்கலாம் என்றார். பிறகு வரவேயில்லை.

ஒரு பகல், யானை மிதித்த தோட்டங்களைப் பார்க்க அவருடன் வண்ணாத்திவில்லுக்குப் போயிருந்தேன். அவர் கமக்காரர்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் பாலை மரத்தடியில் இருந்தேன். பத்தடி தள்ளி கெப் நின்றது. காற்று இல்லை, இலை அசையவில்லை. கெப்பின் பின்பக்கம் மெல்லக் கிறீச்சிட்டு ஒரு புறம் தாழ்ந்தது, படுத்திருந்தவர் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் தாழ்வது போல. எழுந்து போய்ப் பார்த்தேன். கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. பூட்டின் திறப்புக்கொத்து ரெஜினாவின் கையில்.

திரும்பும்போது சொன்னேன். அவர் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாஸிட்டப் போய் வெட்டச் சொல்லுங்கோ எண்டுதானே நீர் சொல்ல வாறீர்?"

"நிறுத்துப் பார்க்கச் சொன்னது நீங்கள்தானே."

ஒரு பள்ளத்துக்கு வேகத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்: "வெட்டினா, தண்ணி மட்டும் வந்தா நான் என்ன செய்யிறது?"

அடுத்த வாரம் ஸ்பிரிங்குக்கு மேலதிகமாக ஒரு தகடு போட்டார். அதோடு அந்தக் கதை நின்றது. ஆனால் வாகனத்தை எடுக்குமுன் கூட்டின் கதவைத் திறந்து, சற்று நின்று, பிறகு சாத்துவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடக்கம் முடிந்த பிறகு கெப் சில வாரங்கள் ஜூட் பாஸின் கொட்டகையில் நின்றது. ரெஜினாவின் தங்கை அதை விற்றுத் தரும்படி கேட்டிருந்தார். வாங்க வந்தவர் பாரம் தெரிய வேண்டும் என்றார். பாஸும் நானும் புத்தளத்துக்கு ஓட்டிப் போனோம்.

நிஸார் நானா தராசு காட்டிய எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மேலதிகமாகப் போட்ட ஸ்பிரிங் தகட்டைக் கழித்தால், கூடு ஏற்றிய முதல் நாள் காட்டிய அதே எடை.

"ரெண்டு பேரும் எறங்கிட்டாங்க போல" என்றார்.

"தண்ணி காய்ஞ்சிருக்கும்" என்றார் ஜூட் பாஸ். "கூரைக்குக் கீழதானே நிண்டது." சுவரின் அடியில் விரலால் ஒரு சதுரம் கீறிக் காட்டினார். "இப்ப வெட்டிப் பார்ப்பமே சேர்? தண்ணி இருந்திருந்தா நுரையில கறை நிக்கும். தெரிஞ்சிடும்."

அவர் சொன்னது சரி. அந்தச் சதுரத்தை வெட்டினால் தெரிந்துவிடும். சுறாவைத் தராசில் போடச் சொன்ன பெண்ணின் தோழன் நான். சரிபார்க்காமல் ஒரு வரியும் எழுதியவனல்ல.

"வேண்டாம் பாஸ்" என்றேன். "அப்படியே விற்போம்."

ரெஜினா கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியை நானும் கேட்காமல் வைத்திருக்கிறேன். அதோடு, சேமக்காலைக்குப் போகும் வழியில் அந்த மலிவான பெட்டியிலிருந்து என் வலத் தோளில் ஏறிய பாரமும் இருக்கிறது. அதை எந்தத் தராசிலும் வைக்கப் போவதில்லை.