நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை

சூராகானுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. இரண்டாம் வகுப்பின் பெஞ்சுகளுக்கு நடுவே நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பாள். கழுத்தில் கயிறு கட்டிய ஸ்டாப்வாட்ச். வீட்டில் ரொட்டி வேகிற நேரத்தையும் அதில்தான் பார்ப்பாள்.

"நான் டீ குடிக்கிறதுக்கும் மார்க் போடுவியா?" என்பான் கணவன் சமத்.

"ஆறிப்போறதுக்குள்ள குடிச்சா போடுவேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

நாரின் நகரத்துக்குப் பக்கத்து மலையூர்ப் பள்ளிக்கூடம் அது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை நிமிடத்துக்கு ஐம்பது வார்த்தை வாசித்தால் போதும். சூராகானின் பிள்ளைகள் எழுபது வாசித்தார்கள். வட்டாரத்தில் மூன்று வருடமாக அவள்தான் முதல். இதற்காக அவளே தலைமையாசிரியர் எசென்குலிடம் மல்லுக்கட்டி, வாரத்தில் இரண்டு ஓவிய வகுப்பையும் ஒரு பாட்டு வகுப்பையும் வாசிப்புக்கென்று வாங்கிக்கொண்டாள்.

இருபத்துநான்கு பிள்ளைகளில் ஐசிரேக் ஒருத்திதான் இடைஞ்சல். இருபத்திரண்டு வார்த்தையைத் தாண்டமாட்டாள். பாதி வரியில் நின்றுவிடுவாள்.

"அக்கா, இந்த ஓநாய்க்கு வீடு எங்க இருக்கு?"

"புஸ்தகத்துல இல்லாதத எல்லாம் கேக்காத. வாசி."

வார்த்தை எண்ண வட்டாரத்திலிருந்து ஆள் வரும் சோதனை நாள் வந்தால் சூராகான் அந்தப் பெண்ணின் அத்தையைக் கூப்பிட்டு, "இருமல்னு சொல்லி வீட்லயே வச்சுக்கோ" என்பாள். அத்தையும் சரியென்பாள். ஒரு பிள்ளை குறைந்தால் சராசரி ஏறும்.

வகுப்பில் பதின்மூன்று பேரின் அம்மாக்கள் மாஸ்கோவில் இருந்தார்கள். தெருக் கூட்டுவது, கிடங்கில் பெட்டி கட்டுவது என்று வேலை. மார்ச் எட்டாம் தேதி மகளிர் தினத்துக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதவைத்துப் படம் எடுத்து அனுப்பலாம் என்று சூராகானுக்குத் தோன்றியது. இருபது நிமிடம் கொடுத்தாள். மேலே இருந்த தாளில் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. திருத்த ஒன்றும் இல்லை. மீதியைப் படிக்காமலே அவசர அவசரமாகப் படம் எடுத்து அம்மாக்களுக்கு அனுப்பிவைத்தாள்.

மறுநாள் மதியம் பெக்தெமிரின் அம்மா குல்சானா மாஸ்கோவிலிருந்து கூப்பிட்டாள். பெக்தெமிர் வகுப்பிலேயே வேகமானவன். நிமிடத்துக்குத் தொண்ணூற்று நான்கு.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"லெட்டர நீங்க சொல்லச் சொல்ல எழுதினாங்களா?"

"இல்லையே. அவனா எழுதினதுதான்."

அந்தப் பக்கம் பெட்டி இழுபடுகிற சத்தம் கேட்டது. அதற்கு நடுவே குல்சானா சொன்னாள்: "என்கூட ரூம்ல இருக்கிறவ மகளும் உங்க வகுப்புதான். ரெண்டு லெட்டரையும் பக்கத்துல வச்சுப் பாத்தோம். ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்ல. 'வசந்தம் வந்தது, பறவைகள் திரும்பின, அன்பான அம்மா, வாழ்த்துகள்.' நான் வந்து ரெண்டு வருஷம் ஆச்சுக்கா. எம்புள்ளைக்கு எங்கிட்ட சொல்ல வேற ஒண்ணுமே இல்லியா?"

 சூராகான் போனை வைத்துவிட்டுத் தாள்களை மேசையில் பரப்பினாள். இருபத்துமூன்று தாளில் பாடப்புத்தகத்தின் அதே மூன்று வரி. ஒன்றில் மட்டும் கோணல் எழுத்து, வரிக்கு வரி பிழை. ஐசிரேக். எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது: 'அம்மா, நீ போன பஸ் ஜன்னல்ல என் கை பதிஞ்சுது. இன்னும் இருக்கா? தொடைக்க வேணாம்னு டிரைவர்கிட்ட சொல்லு. அத்தை அடிக்கல. கத்துறா மட்டும்.'

அன்று வகுப்பறைக்கும் வாசலுக்குமாக எத்தனை தடவை நடந்தாளோ. மறுநாள் பெக்தெமிரைத் தனியே உட்காரவைத்தாள்.

"அம்மாகிட்ட என்னடா சொல்லணும்னு தோணுது?"

பையன் புத்தகத்தைப் புரட்டினான். "எந்தப் பக்கத்துல இருக்குக்கா?"

அவள் நேரே எசென்குலின் அறைக்குப் போனாள்.

"அண்ணே, அந்த ஓவியம், பாட்டு வகுப்பு மூணும் பழையபடி வேணும்."

"ஏம்மா, என் உயிர வாங்கி நீதானே அத மாத்தின? ஏப்ரல்ல சோதனை. இப்பப் போய்ப் பொம்மை போடப் போறியா?"

"பிள்ளைங்களுக்குச் சொந்தமா ஒரு வரி வரலண்ணே."

"சோதனைக்கு வர்றவரு வார்த்தையத்தான் எண்ணுவாரு. சொந்தமா இரவலான்னு கேக்கமாட்டாரு. போம்மா, போய் வேலையப் பாரு."

அவர் பேச்சைக் கேட்காமலே அவள் செய்தாள். முதல் வாரம் எல்லாம் சொதப்பல். பிடித்ததை வரையுங்கள் என்றதும் பாதிப்பேர் புத்தக அட்டையை வரைந்தார்கள். அவளுக்கே கோபம் வந்து கத்தினாள். பிடித்ததை வரையச் சொல்லிவிட்டுக் கத்துகிறோமே என்று உறைத்தது. அவளுக்கும் இது தெரியாத வேலை. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஒருநாள் ஓநாய்க் கதையைப் பாதியில் மூடிவைத்து, ஐசிரேக் கேட்ட கேள்வியையே கேட்டாள். "ஓநாய்க்கு வீடு எங்க இருக்கு?" ஒரே கூச்சல். பாலத்தடியில் என்றான் ஒருவன். எங்கள் பழைய கொட்டகையில் என்றாள் ஒருத்தி. எழுதச் சொல்லி, தாள்களை மாற்றிக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். ஐசிரேக்கின் தாள் பெக்தெமிரின் கைக்கு வந்தது.

"கோழி கிளறின மாதிரி இருக்கு. இத எப்படிப் படிக்கிறது?"

வகுப்பே சிரித்தது. ஐசிரேக் தாளைப் பிடுங்கிக்கொண்டு அழுதாள். ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சூராகானிடம் கேட்டு, முழுவதையும் திரும்ப எழுதினாள். அவளாக வந்து எழுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாதக் கடைசியில் பெக்தெமிர் ஒரு தாளை நீட்டினான். 'அம்மா, உன்மேல கோவமா இருக்கேன். போன்ல சாப்டியா சாப்டியான்னு மட்டும் கேக்குற. என் பல்லு விழுந்துச்சு, நீ பாக்கல.' அனுப்பலாமா என்று சூராகான் இரண்டு நாள் தவித்தாள். அனுப்பினாள். மூன்று நாள் சத்தமே இல்லை.  நாலாம் நாள் குல்சானா கூப்பிட்டாள். 

"திட்டியிருக்கான்கா. எம்புள்ளதான். ஆகஸ்ட்ல லீவு கேட்டிருக்கேன்."

ஏப்ரலில் சோதனைக்கு ஆள் வந்தார். இம்முறை யாரும் இருமவில்லை. ஐசிரேக் முப்பத்தேழு வாசித்தாள். பெக்தெமிர் எண்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தான். நடுவில் ஓரிடத்தில் நின்று என்னமோ யோசித்தான். வகுப்பின் சராசரி ஐம்பத்தெட்டு. வட்டாரத்தில் ஆறாம் இடம். எசென்குல் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு கூப்பிட்டு, "அடுத்த வருஷம் இந்த வகுப்பு உனக்கில்ல. ஒண்ணாம் வகுப்ப எடுத்துக்கோ" என்றார்.

அவள் சண்டை போட்டாள். பலனில்லை.

"விடு" என்றான் சமத். "பிள்ளைங்க நல்லாத்தானே இருக்காங்க?"

"தெரியலயே. அந்தப் பையன் பதிமூணு வார்த்தை இறங்கிட்டான். நான் செஞ்சது சரியா தப்பா, அதுவும் தெரியல."

செப்டம்பரில் புதுப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஓர் அப்பா எழுந்து, "புத்தாண்டுக்குள்ள எம்மக எத்தன வார்த்த வாசிப்பா?" என்று கேட்டார். சூராகான் ஜன்னலருகே போனாள், திரும்பி வந்தாள். "வாசிக்க வச்சிடுவேன், அது எம்பொறுப்பு" என்றாள். "ஆனா அவ இப்ப வீட்ல என்னென்ன கேள்வி கேக்குறான்னு மொதல்ல நீங்க எனக்குச் சொல்லுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். சூராகான் உட்காராமல் காத்திருந்தாள்.