நட்சத்திரக் குறி போடாத கேள்வி

1965-ஆம் வருஷம், ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. நான் தென்காசியில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. சொந்தபந்தம் என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. கல்யாணம் ஆகவில்லை, ஆகும் அறிகுறியும் இல்லை. சாயங்காலம் பேச ஆள் வேண்டுமே என்று ஒரு வாசகசாலையில் சேர்ந்தேன். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் அதன் காரியதரிசியும் ஆனேன்.

நாடாளுமன்றத்தில் ஒரு கட்சிக் குழுவின் தலைவராக இருந்தவர் அப்போது அருவிக் குளியலுக்காகக் குற்றாலம் வந்திருந்தார். ஒரு மாலை எங்கள் வாசகசாலைக்கு வந்து அங்கத்தினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இசைந்தார். அரிசித் தட்டுப்பாடு, மொழிப் பிரச்னை, எல்லையில் சண்டை என்று கேள்விக்கு மட்டும் பஞ்சமில்லாத வருஷம் அது.

டெல்லி சபை நடவடிக்கைகளைப் பத்திரிகையில் வரி விடாமல் படிக்கிறவன் நான். அங்கே எழுந்து நின்று பதில் சொல்லவேண்டிய கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி போடுவார்கள். நானும் போட முடிவு செய்தேன். முந்தின நாளே சீட்டில் எழுதித் தரவேண்டும், தேசப் பிரச்னைதான் கேட்கலாம், சொந்த விஷயம் கூடாது என்று விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இந்த தேசம் ஒரு நல்ல சபாநாயகரை இழந்துவிட்டதாக எனக்கே பட்டது.

வந்த சீட்டுகளில் ஒன்று பக்கத்துக் கிராமமான வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவருடையது. தினமும் சைக்கிளில் வந்து எல்லைச் செய்திகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர். பென்சிலில் எழுதியிருந்தார்: "என் மகன் பட்டாளத்தில் இருக்கான். குஜராத் எல்லையில் சண்டை தொடங்கினது முதல் மூணு மாசமாக் கடுதாசி இல்லை. எழுதிக் கேட்டும் தகவல் இல்லை. அவன் இருக்கானா?"

சொந்த விஷயம். குறி போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் தலைவர் எல்லாவற்றுக்கும் தங்குதடையில்லாமல் பதில் சொன்னார். கடைசி நட்சத்திரம் என்னுடையது. அணிசேராக் கொள்கையின் எதிர்காலம் பற்றி முக்கால் பக்கம். நான் வாசித்துக்கொண்டே போக, முன்வரிசையிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர், "இது கேள்வியா, பதிலா? சீக்கிரம் சொல்லும்வே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தலைவர், "நல்ல கேள்வி" என்று சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் வடகரைக்காரர் வாசலில் நின்றார்.

"என் சீட்டு வரல்லியே சார்?"

"நேரம் இல்லாமப் போச்சு அண்ணாச்சி."

"அது சரி. அவுகளுக்கு ஆயிரம் சோலி கெடக்கும்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாரலில் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

அறைக்கு வந்தேன். என் கேள்வியின் பெருமையைச் சொல்லிக்காட்ட அங்கே ஆளில்லை. சட்டையைக் கழற்றும்போது அந்தச் சீட்டு விழுந்தது. 'அவன் இருக்கானா?' என்னைப் பற்றி இப்படி எழுதிக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லாமல் மூன்று நாள் லீவு எடுத்தால் மேனேஜர் கேட்பார். அவ்வளவுதான்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் குற்றாலம் போனேன். அருவிக்குப் பக்கத்தில் தலைவர் இடுப்பில் ஒரு துண்டோடு உட்கார்ந்திருந்தார். ஒருவர் அவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அருவி இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திச் சீட்டைப் படித்தேன். தலைவர் கையைக் காட்டித் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்.

"இதை ஏன் நேத்து கேக்கலை?"

"விதிப்படி, சொந்த விஷயம்..."

"யார் போட்ட விதி?"

"நான்தான்."

"நேத்து நீங்க கேட்டதுக்கெல்லாம் என்கிட்ட பதில் தயாரா இருந்துது. இதுக்கு இல்லை. பையன் பேரு, பட்டாள நம்பர் வாங்கிட்டு வாங்க."

அன்றைக்கே வடகரைக்குப் போய் வாங்கிவந்து கொடுத்தேன். மூன்று வாரத்தில் வாசகசாலை விலாசத்துக்குத் தலைவரின் கடிதம் வந்தது. பையன் வடக்கே ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறான். வலது கையில் காயம். வேறொருவர் கையெழுத்தில் கடிதம் வந்தால் வீட்டில் பயந்துவிடுவார்கள் என்று எழுதாமலே இருந்திருக்கிறான்.

கடிதத்தை வடகரைக்குக் கொண்டுபோய் நான் படித்துக் காட்டியதும் உள்ளேயிருந்து வடகரைக்காரரின் மனைவி அழுகிற சத்தம் கேட்டது. அவர் மூன்று தடவை திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நேரமில்லாமப் போச்சுன்னு சும்மா இருக்காம, நீங்களா தேடிப் போய்ச் சொன்னிய பாத்தியளா! வேற யாருக்கு சார் இந்த மனசு வரும்?"

சட்டைப் பை விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றுதான் சொல்ல முடிந்தது. அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

போன வருஷம் வடகரைக்காரர் காலமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சொல்லவேண்டியவரிடம் சொல்லாமல், முகம் தெரியாத உங்களிடம் இப்போது சொல்கிறேன்: யாராவது என்னை நல்ல மனுஷன் என்று சொல்லும்போதெல்லாம், அந்த அறையில் தனியாக இருந்ததைக் காட்டிலும் இன்னும் தனியாகிப் போகிறேன்.