சோங் குய் பார்க்கும் பக்கம்

இதை நம்பாதவர்கள் ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பார்க்கலாம். நான் பஸ் ஓட்டுகிறவன். பேய், பிசாசு என்றால் சிரிக்கிற ஆள். போன மார்கழி வரை அப்படித்தான் இருந்தேன்.

எங்களுக்கு முன்பு குடியிருந்த லின் என்ற சீனப் பெண் ஒரு படத்தை விட்டுப் போயிருந்தார். கறுப்பு மையில் தீட்டிய தாடிக்காரர், கையில் வாள். பேய்களை அடக்குகிற சோங் குய்யாம். சின்ன அறைக் கதவின் உட்பக்கம் தொங்கினார். கண்கள் ஜன்னல் மூலையைப் பார்த்தன. "கழற்ற வேண்டாம்" என்று லின் சொன்னார். ஏனென்று நான் கேட்கவில்லை.

அந்த அறையை மூன்று வயது மகள் அஜிதாவுக்குக் கொடுத்தோம்.

"பிள்ளை பயப்பிடும். நாவூறு, கண்ணூறு படாமல் வெளியிலை கொழுவுங்கோ" என்றாள் மனைவி துஷானி.

ஊரில் இப்படி முகங்களை வாசலில்தானே தூக்குவோம். வாசல் கதவுக்கு வெளியே, பக்கச் சுவரில் கொழுவினேன்.

மறுநாள் மாலை 4.35. துஷானி வேலையில். வெளியே இருட்டிவிட்டது. அஜிதா தூங்கினாள். குப்பை போட்டுவிட்டு வந்தேன். படத்தில் கண்கள் மாறியிருந்தன... எங்கள் கதவைப் பார்த்தன.

வெளிச்சக் கோளாறு என்று உள்ளே போனேன்.

4.41. பிள்ளையின் அறைச் சத்தம் கேட்கிற பேபிபோனில் மூச்சுச் சத்தம். ஒன்று அஜிதாவுடையது. மற்றது... நீளமானது.

ஓடினேன். அறைக் கதவு அசையவில்லை. அதற்குப் பூட்டே கிடையாது.

"அஜிதா, அப்பா நிக்கிறன்."

டக்... டக்...

உள்ளிருந்து தட்டினார்கள். கதவில், என் தலைக்கும் மேலான உயரத்தில்.

"அப்பா... இவ விடுறா இல்லை."

தோளால் இடித்தேன். அழுதேன். ஒன்றும் செய்ய முடியவில்லை.

படத்தைப் பிடுங்கி வந்து கதவில் அழுத்தினேன்.

4.52. கதவு தானாகத் திறந்தது.

அஜிதா கட்டிலில் இருந்தாள். சிரித்தாள்.

படத்தைப் பழைய ஆணியிலேயே கொழுவிவிட்டு லினுக்குப் போன் எடுத்தேன். என் ஜேர்மன் தடுமாறியது. நடந்ததைக் கேட்டுவிட்டு லின் சொன்னார்:

"அது வெளியிலிருந்து வருவதில்லை. அந்த மூலையில்தான் இருந்தது. சோங் குய் பார்த்துக்கொண்டிருந்தால் அசையாது. அது எங்கே இருக்கிறதோ, அவர் கண் அங்கே. இப்போது எங்கே பார்க்கிறார்?"

திரும்பினேன். ஜன்னல் மூலையை அல்ல, அஜிதாவின் கட்டிலை.

அஜிதாவைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போய் நின்றேன்.

கண்கள் கூடவே வந்தன.