நான் கெடுத்ததாகச் சொல்லப்படும் கல்யாணம்

போன வாரம் எங்கள் தெருவே சேர்ந்து என்னைத் தாடிக்கொம்புக்குப் பஸ் ஏற்றிவிட்டது.

அந்த ஊர்க் கோயில் பெருமாளைச் சேவிக்க அல்ல. அங்கே என் தங்கச்சி வீடு இருக்கிறது. "ரெண்டு நாளு இருந்துட்டு வா தாயி... ஒனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்ல" என்று பக்கத்து வீட்டு பாக்கியத்தக்கா என் பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகு கண்டக்டரிடம் போய், "தம்பி, இவுக பாதியில எறங்குனா விட்றாதீக" என்று வேறு சொன்னார்.

ஏன் இத்தனை அக்கறை? எதிர்வீட்டு அமலியின் மூத்த மகளைப் பற்றி விசாரிக்க மாப்பிள்ளை வீட்டார் அன்று வருகிறார்கள். அந்த நேரத்தில் நான் தெருவில் இருக்கக் கூடாது. இருந்தால் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துவிடுவேனாம்.

நான்! வாராவாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். துணி கொடுக்க வருகிறவர்களிடம் அளவு கேட்பதற்கே கூச்சப்பட்டு, "பழைய ஜாக்கெட்டு ஒண்ணு குடுத்துட்டுப் போங்க" என்று சொல்லித் தப்பிக்கிற தையல்காரி. எனக்கு வாய்த் துடுக்குக்காரி என்று ஒரு பட்டம்...

அது எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம். இந்தக் கதையில் ஒரு பையன் வருகிறான். வயது பதினாறு. சட்டப்படி அவன் பேரைச் சொல்லக் கூடாது, வீட்டைச் சொல்லக் கூடாது, படிக்கிற இடத்தைச் சொல்லக் கூடாது. ஆகவே அமலியின் பேர் அமலி இல்லை. பாக்கியத்தக்கா பேரும் அது இல்லை. எதிர்வீடு எதிர்வீடும் இல்லை. தையல் மிஷின் மட்டும் நிஜம். திண்டுக்கல்லில் தெருவுக்கு ஒரு தையல் மிஷின் ஓடுகிறது... தேடிப் பாருங்கள்!

பையனிடமும் அனுமதி கேட்டேன். "பேரை மாத்தித்தான எழுதுவீங்க அத்தை? அப்ப நல்ல கெத்தான பேரா வைங்க" என்றான். சினிமாவில் குதிரையில் வருகிறவனுக்கு வைக்கிற மாதிரி ஒரு பேரைச் சொன்னான். நான் குமார் என்று வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஒரு குமார் மேல்தான் விழும். அதைவிடப் பாதுகாப்பான பேர் உண்டா?

குமார் அமலியின் இரண்டாவது பிள்ளை. அவன் செய்தது இதுதான். கூடப் படிக்கிற இரண்டு பேர் ஒரு பைக்கில் வந்து, "வாடா, வத்தலக்குண்டு போயி பரோட்டா தின்னுட்டு வருவோம்" என்று கூப்பிட்டார்கள். இவன் ஏறிப் பின்னால் உட்கார்ந்தான். யாருடைய வண்டி என்று கேட்கவில்லை. கேட்பதற்குக் கூச்சம். வழியில் போலீஸ் நிறுத்தியபோதுதான் அது கல்யாண மண்டப வாசலில் நின்ற யாருடைய வண்டியோ என்று தெரிந்தது. பரோட்டா வரைக்கும்கூடப் போய்ச் சேரவில்லை, பாவம்.

வண்டி உரியவரிடம் போய்விட்டது. பையன்கள் விஷயம், பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கென்று இருக்கும் நீதிக் குழுமத்துக்குப் போனது.

அமலி இதை என்னிடம் மட்டும் சொன்னாள். "ஒங்ககிட்ட சொன்னா கெணத்துல போட்ட கல்லுக்கா" என்று அழுதாள். அவள் பயம் ஜெயில் இல்லை. தெரு. "வெளிய தெரிஞ்சா அவன் பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் 'வண்டித் திருடன்'னு கூப்புட்டே கொன்னுருவாய்ங்கக்கா. அவன் ரோட்டுல தலை நிமிந்து நடக்க வேண்டாமா?"

நியாயம்தானே? எங்கள் தெருவில் ஒரு தடவை ஒட்டிய பேர் பெயிண்ட் அடித்தாலும் போகாது. சின்ன வயதில் ஒரே ஒரு தடவை பூனை கடித்தவரை இன்றைக்கும் 'பூனைக்கடியார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்குப் பேரனே பிறந்துவிட்டான்.

குழுமம் முடிவு எடுப்பதற்கு முன்னால், பையன் எப்படிப்பட்டவன், வீடு எப்படி, பழக்கம் எப்படி என்று பார்த்துச் சொல்ல ஓர் அலுவலர் வருவார். நன்னடத்தை அலுவலர் என்று பேர். அமலி எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தாள். நான் போலீஸ் ஜீப்பை எதிர்பார்த்து இரண்டு நாள் ஊசியில் கையைக் குத்திக்கொண்டேன்.

வந்தது ஜீப் இல்லை. ஷேர் ஆட்டோ. அதையும் தெரு முனையிலேயே நிறுத்தி இறங்கி, காட்டன் சேலையும் ஜவுளிக்கடை கட்டைப் பையுமாக ஓர் அம்மா நடந்து வந்தார். ஐடி கார்டு கழுத்தில் இல்லை. கையில் பைல் இல்லை. எல்லாம் அந்தக் கட்டைப் பைக்குள். இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் அப்படித்தான் வர வேண்டுமாம். யூனிபார்ம், போர்டு வைத்த வண்டி எதுவும் வாசலில் நிற்கக் கூடாது. பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியக் கூடாது.

நல்ல ஏற்பாடு. ஆனால் அரசாங்கம் ஒன்றை மறந்துவிட்டது.

காட்டன் சேலை கட்டிய, முகம் தெரியாத ஓர் அம்மா, கையில் கட்டைப் பையோடு வந்து, "அந்த வீட்டுக்காரங்க எப்படி? பழக்கவழக்கம் எப்படி?" என்று கேட்டால், எங்கள் ஊரில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அதுவும் அந்த வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தால்?

பாக்கியத்தக்கா அந்த அம்மாவை விட்டு நகரவே இல்லை.

"மாப்ள என்ன வேல பாக்குறாப்ல?"

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாதும்மா."

அக்கா என் ஜன்னல் பக்கம் வந்து கிசுகிசுத்தார். "கவர்மென்ட் வேல போலருக்கு. அலட்டிக்காத குடும்பம்!"

"போட்டா இருந்தா காட்டுங்க, பாப்போம்."

"போட்டோ யாருக்கும் காட்டக் கூடாதும்மா. பேர் ஊர் எதுவும் சொல்ல மாட்டோம்."

"பாத்தியா... என்னா கட்டுப்பாடு! இந்தக் காலத்துல இப்புடி ஒரு எடம் கெடைக்குமா?"

அந்த அம்மா ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விதிப்படி வாயை மூடிக்கொண்டிருந்தார். அவர் மூட மூட, தெருவில் மாப்பிள்ளைக்குச் சம்பளம் ஏறிக்கொண்டே போனது.

அப்புறம் அவர் கேட்கத் தொடங்கினார். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தம்பிக்காரன் எப்படி, யாரோடு சேர்கிறான், வீட்டுக்கு எப்போது வருகிறான்... எல்லாம் குமாரைப் பற்றித்தான். தெருவுக்குச் சந்தேகம் வந்ததா? வரவில்லை. "வெவரமான ஆளுக. மச்சினன் சரியில்லேன்னா நாளப்பின்ன தொந்தரவுன்னு பாக்குறாக" என்று அதற்கும் விளக்கம் கிடைத்துவிட்டது.

நம் ஊரில் ஒருவரைப் பற்றி எங்கே வேண்டுமானாலும் உண்மையைச் சொல்லலாம். கல்யாண விசாரணையில் மட்டும் சொல்லக் கூடாது. ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் ஏழு ஜென்மத்துக்கும் விடாது என்று நம்புகிறவர்கள் நாங்கள்.

குமாரின் கிரிக்கெட் பந்தால் ஜன்னல் கண்ணாடி உடைந்தவர் மாணிக்கம் அண்ணன். தினமும் காலையில் பல் விளக்கும்போது அவனைத் திட்டிவிட்டுத்தான் வாய் கொப்பளிப்பார். அவர் சொன்னார்: "குமாரா? தங்கம்மா அவன்! பந்து வெளாண்டாக்கூட சத்தம் வராம வெளாடுவான்."

அவர் முதுகுக்குப் பின்னால் அந்த ஜன்னல், அட்டை ஒட்டி நின்றுகொண்டிருந்தது.

பாக்கியத்தக்கா ஒரு படி மேலே போனார். "அவன் வீட்ட விட்டு வெளியவே போக மாட்டானே! பள்ளிக்கொடத்துக்கே தள்ளித்தேன் விடணும்."

நல்லதா கெட்டதா என்று புரியாமல் அந்த அம்மா விழித்தார்.

கடைசியில் என் வாசலுக்கு வந்தார். பாக்கியத்தக்கா காபி போடத் தன் வீட்டுக்குள் ஓடினார். நாங்கள் இருவர் மட்டும். அந்த அம்மா குரலைத் தணித்தார்.

"ஒங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுதும்மா, விஷயம் ஒங்களுக்குத் தெரியும். நான் கேக்கல, நீங்களும் சொல்ல வேணாம். ஆனா எல்லாரும் தங்கம் தங்கம்ங்கிறாங்க. தங்கத்த வச்சு நான் என்ன செய்யிறது? அந்தப் பையனுக்கு ஒதவணும்னா அவனுக்கு எது வரலைங்கிறது எனக்குத் தெரியணும். எந்தத் தெருவுக்குப் போனாலும் இதே கூத்துத்தான். காபி குடுத்து மாப்பிள்ள என்ன படிச்சிருக்காருன்னு கேக்குறாங்க."

"ஏன் மேடம், இல்லேன்னு சொல்லிறலாம்ல?" என்று கேட்டேன். கேட்டேனா, மனதுக்குள் கேட்டேனா... ஏதோ சத்தம் வந்தது.

"இல்லைன்னா, பின்ன எதுக்கு வந்தேன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கு என்ன சொல்ல? இந்த ஒரு விஷயம் அவன் ஆயுசு பூரா ஒட்டிக்கிட்டு வரக் கூடாதும்மா. வேலைக்குப் போறப்போ, கல்யாணம் கட்டுறப்போ எவனும் இதத் தோண்டி எடுக்கக் கூடாது. அதுக்குத்தான் இம்புட்டும்."

எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது அது. சொன்னால் அவனுக்கு நல்லது. ஆனால் என் வாய் மற்றவர்கள் வாய் மாதிரி உடனே திறக்கிற ரகமா? தொண்டையைச் செருமினேன். இன்ச் டேப்பைச் சுருட்டினேன். பிரித்தேன். மறுபடி சுருட்டினேன். ஒருவழியாக நான் வாயைத் திறந்தபோது பாக்கியத்தக்கா காபியோடு வந்து நின்றுவிட்டார்.

இப்போது மூடினால் இனி எப்போதும் திறக்காது. சொல்லிவிட்டேன்.

"அவனுக்கு... மாட்டேன்னு சொல்ல வராது மேடம்."

பாக்கியத்தக்கா காபி டம்ளரை நீட்டி நடுவே புகுந்தார்.

"யாரு வாடான்னாலும் போயிருவான். எங்கன்னு கேக்க மாட்டான். கேட்டா கூப்புட்டவன் என்ன நெனப்பானோன்னு கூச்சம். நல்லவன் கூப்புட்டா நல்ல எடத்துக்குப் போவான்..."

"ஏய்..." என்று அக்கா என் காலை மிதித்தார்.

"...கெட்டவன் கூப்புட்டாலும் அதே மாதிரி போயிருவான். எனக்குத் தெரியும் மேடம். நானும் அப்புடித்தான். வெள்ளிக்கிழமைக்கு வேணும்னு பத்துப் பேரு துணி குடுத்தாலும் வாங்கி வச்சிக்கிருவேன். முடியாதுன்னு சொல்ல நாக்கு எழும்பாது. தெனம் சாயங்காலம் வந்து எனக்கு ஊசிக்கு நூல் கோத்துக் குடுத்துட்டுப் போறான். வெளையாட ஆள் காத்துக்கிட்டு இருந்தாலும் கோத்துட்டுத்தான் போவான். அவனுக்கு அந்த ஒரு வார்த்தைய மட்டும் யாராச்சும் சொல்லிக் குடுத்தா போதும்."

என் வாழ்க்கையில் நான் பேசிய நீளமான பேச்சு அது. முடித்தபோது வேர்த்துவிட்டது. அந்த அம்மா எதையும் எழுதவில்லை. காபியைக் குடித்துவிட்டு, "வர்றேன்ம்மா" என்று மட்டும் சொல்லிக் கட்டைப் பையோடு போய்விட்டார்.

அப்புறம் குழுமத்தில் என்ன நடந்தது என்று அமலிதான் சொன்னாள். கூண்டு இல்லை, கறுப்புக் கோட்டு இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் குழுமத்தார், இந்தப் பக்கம் பையன்களும் பெற்றவர்களும். மூலையில் யூனிபார்ம் இல்லாமல் சாதாரணச் சட்டை பேன்ட்டோடு உட்கார்ந்திருந்த போலீஸ்காரரை, கூட வந்த பையன்களில் யாருக்கோ மாமா என்று குமார் நினைத்திருக்கிறான். "'மாட்டேன்னு சொல்லப் பழகணும் தம்பி'ன்னுதான்க்கா அங்க எல்லாருமே பேசுனாங்க" என்றாள் அமலி. கண்டித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் ஆலோசகர் ஒருவரிடம் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும். அதோடு சரி.

குமார் கதை முடிந்தது. என் கதை ஆரம்பித்தது.

'மாப்பிள்ளை வீட்டார்' திரும்பி வரவில்லை. ஒரு வாரம் பார்த்தார்கள், ஒரு மாதம் பார்த்தார்கள். அவ்வளவு நல்ல இடம் எப்படித் தட்டிப்போனது? தெரு ஆராய்ச்சி செய்தது. சாட்சி பாக்கியத்தக்கா.

"நாங்கூடத்தான இருந்தேன்! அந்தப் பையன் எவன் கூப்புட்டாலும் போயிருவான்னு மொகத்துக்கு நேரா சொல்றா! நான் கால மிதிக்கிறேன், நிப்பாட்டுவனாங்கிறா! ஊமை ஊரக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாக?"

மாணிக்கம் அண்ணன் வீட்டு மதினி, வெட்டாமல் வைத்திருந்த ஜாக்கெட் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். நான் கடந்து போனால் பேச்சு நின்றது. என்ன சொல்லி நான் தப்பிக்க? 'அது மாப்பிள்ளை வீடு இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் நல்லவளாகிவிடுவேன். அடுத்த நிமிடம் குமார் 'வண்டித் திருடன்' ஆகிவிடுவான்.

அமலிக்குப் பொறுக்கவில்லை. "நான் உண்மையச் சொல்லிர்றேன்க்கா. ஒங்களப் போயி இப்புடிப் பேசுறாங்களே..."

"சொன்னேன்னா, ஒனக்கு இனிமே சேலைக்கு ஓரம்கூட அடிச்சுத் தர மாட்டேன்!" என்றேன்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன். 'மாட்டேன்' என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்கிறது!

இப்படியாகத்தான், இந்தத் தடவை நிஜ மாப்பிள்ளை வீட்டார் வரும்போது நான் தாடிக்கொம்பில் இருந்தேன். திரும்பி வந்தால் தெரு சிரித்துக்கொண்டிருந்தது. பேசி முடித்துவிட்டார்கள். மாணிக்கம் அண்ணன் மறுபடி 'தங்கம்' சொல்லியிருக்கிறார். பாக்கியத்தக்கா வாய் நிறையச் சொன்னார்: "ஒன்னைய அனுப்புனதாலதேன் கூடி வந்துச்சு தாயி!"

அன்று சாயங்காலம் மிஷினில் உட்கார்ந்து, குமாரைக் கூப்பிட்டேன். "நூல் கோத்துக் குடுத்துட்டுப் போடா."

அவன் வாசலில் நின்று கொஞ்சம் நெளிந்தான். மூச்சை இழுத்தான்.

"இன்னைக்கி முடியாதுத்தை. டெஸ்ட் இருக்கு."

போய்விட்டான்! ஆலோசகர் சொல்லிக் கொடுத்ததை முதன்முதலில் என்னிடம்தான் சோதித்துப் பார்த்திருக்கிறான். ஊசியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, அதன் காது கண்ணுக்குத் தெரியாமலேயே சிரித்தேன்.

இந்தப் பத்தியை நான்தான் வேறு பேரில் எழுதுகிறேன் என்பது எங்கள் தெருவில் அமலி வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். பாக்கியத்தக்கா வாரம் தவறாமல் என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சத்தமாகப் படிப்பார். இந்த வாரமும் படிப்பார். படித்து முடித்ததும் பெருமூச்சு விட்டு, "எந்தத் தெருவோ, என்ன சனமோ... நல்லவேள, நம்ம தெருவுல இப்புடி யாரும் இல்ல" என்பார்.

நான் ஆமாம் என்று தலையாட்டுவேன். எனக்குத்தான் மறுத்துப் பேச வராதே!