அம்மாவின் தூண்

நம்புகிறவர்கள் நம்பட்டும். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

என் வேலையே கொஞ்சம் விசித்திரமானது. எந்த வீட்டில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்ற தகவல் மின் அலுவலகத்திலிருந்து உடனுக்குடன் எனக்கு வரும். அதை வைத்துக் கம்ப்யூட்டரில் ஒரு மாபெரும் மண்டபம் கட்டுவேன். வீட்டுக்கு ஒரு தூண். ஏசி போட்டால் தூண் வளரும், அணைத்தால் குட்டையாகும். "கரண்டு பில்லுக்குக் கோபுரம் கட்டுறவன்" என்று அப்பா என்னைக் கேலி செய்வார்.

நான் முதலில் தேடுவது அம்மாவின் தூணைத்தான். அப்பா வீட்டில் அம்மா படுத்த படுக்கை. மூச்சு மெஷின் ராப்பகலாக ஓடும். அதனால் அந்தத் தூண் ஏறாது, இறங்காது. அதைப் பார்த்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

அன்று கண்காட்சிக் கூடத்தின் சுவர் முழுக்க மண்டபத்தை ஓடவிட்டிருந்தேன். மணி மூன்று இருபது. அம்மா இருக்கும் தெருவின் தூண்கள் அப்படியே உறைந்து நின்றன. தகவல் நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்படி நின்றால் தூண் கடைசி அளவிலேயே நிற்கும்படி நான்தான் அமைத்திருந்தேன். இல்லாவிட்டால் மண்டபத்தில் ஓட்டை விழும், பார்க்க அசிங்கம்.

ஆனால் அம்மாவின் தூண் மட்டும் அசைந்தது.

ஏறியது... இறங்கியது... ஏறியது...

அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"தெருவுல கரண்டு போயிடுச்சுடா. பேட்டரியில ஓடுது. ஆம்புலன்ஸ் இன்னும் வரல."

"பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்பா?"

பின்னால் மெஷின் கத்தியது. பீப்... பீப்...

கூடம் ஊரின் இந்தக் கோடி. அப்பா வீடு அந்தக் கோடி. எப்படிப் பறந்தாலும் ஒரு மணி நேரம். போனைக் காதில் வைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தூண் ஏறியது. இறங்கியது. அது மூச்சு என்று அப்போதுதான் புரிந்தது.

மெதுவாக ஏறியது...

இறங்கியது...

தரையோடு தரையானது.

போனில் அப்பா அழுதார்.

எல்லாம் முடிந்த பிறகு மின் அலுவலக இன்ஜினியரைக் கேட்டேன்.

"மூணு மணியிலேருந்தே அந்தத் தெரு மீட்டர் எதுவும் வேலை செய்யல சார். உங்களுக்கு ஒண்ணும் வந்திருக்க முடியாது." கம்ப்யூட்டரில் என் வீட்டுக் கணக்கைத் திறந்தார். "நீங்க தனியாத்தானே இருக்கீங்க? அன்னிக்கு சாயங்காலத்துலேருந்து உங்க வீட்டுல ஒரு மெஷின் ராப்பகலா ஓடுதே... கூடாம, குறையாம."

என் வீட்டில் அப்படி எதுவும் இல்லை.

அவரே வந்து மெயினை அணைத்தார். வீடு இருண்டது. மின்சாரம் ஓடுவதைக் காட்டும் மீட்டரின் சிவப்பு விளக்கு மட்டும் நிற்காமல் கண் சிமிட்டியது.

"எது கரண்டை இழுக்குதுன்னே தெரியல சார். கம்பத்துலயே வயரை வெட்டிடட்டுமா?"

வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூச்சு இன்னொரு முறை நிற்பதை என்னால் பார்க்க முடியாது.