விளிம்பு வரை தேத்தண்ணி

ஒவ்வொரு வருடமும் சரஸ்வதி பூசைக்குப் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களை அடுக்கும்போது, அவற்றுக்கு மேலே நீல மட்டை போட்ட தடித்த நாவல் ஒன்றையும் வைத்துப் பூப்போடுவேன். கசாக் மொழியில் எழுதிய நாவல். அதில் ஓர் எழுத்துக்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது. அதை எழுதியவரின் பேத்தி போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கசகஸ்தானில் அவர்களுடைய ஊர் நூலகத்துக்கு அவர் பெயரை வைத்து, வாசலில் சிலையும் நிறுத்தியிருக்கிறார்கள். சிலையின் நெஞ்சில் போர்ப் பதக்கங்கள், கையில் புத்தகம். எனக்கென்னவோ கையில் ஒரு கோப்பை இருந்திருந்தால்தான் அவர் மாதிரி இருந்திருக்கும்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஊரை விட்டு ஆங்கிலேயரின் நாட்டுக்கு வந்து, வெஸ்ட் ஈலிங்கில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்தோம். அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் பின்நேர ஷிப்ட். அந்தப் பேத்தி என்னுடைய வகுப்பு. அவளுடைய தாய் ஆஸ்பத்திரியில் வேலை செய்ததால், பள்ளிக்கூடம் விட்டதும் அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். நாலரை மணிக்கு அவளுடைய தாத்தா வந்து கூட்டிப் போவார். மகளோடு கொஞ்சக் காலம் இருந்துவிட்டுப் போக வந்தவர். உயரமான மனிதர், ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். இளம் வயதில் ஜெர்மன்காரரோடு சண்டை பிடித்தவர் என்றும், பிறகு பெரிய பெரிய நாவல்கள் எழுதியவர் என்றும் அவள் சொல்லியிருந்தாள். இரண்டையும் ஒரே மனிதர் எப்படிச் செய்தார் என்று நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வாசலுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவது அம்மாவால் முடியாத காரியம். முதல் நாளே உள்ளே கூப்பிட்டு இருத்தி, பட்டர் பூசிய பாண் துண்டுகளும் பால் தேத்தண்ணியும் வைத்தார். சாப்பிட்டு முடிந்ததும் அவர் மேசையில் கிடந்த பாண் தூளை விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டார். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைத் தடவி ஏதோ முணுமுணுத்தார். அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

"எந்தச் சாமியெண்டாலும் பரவாயில்லை. சாப்பாட்டுக்கு நன்றி சொல்லத் தெரிஞ்ச மனுசன்" என்றார்.

அம்மாவுக்கு அவரிடம் வேறொரு தேவையும் இருந்தது. அம்மாவின் ஒரே தம்பி, என்னுடைய மாமா, ஊரில் சண்டைக்குள் அகப்பட்டுக் காணாமல் போய் இரண்டு வருடம். இருக்கிறார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது, அப்பா, அம்மா, அண்ணா, நான் என்று நாலு பேரையும் சொல்லிவிட்டு, ஐந்தாவதாக மாமாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் அம்மா சொல்லுவார். உயிரோடு இருப்பவர்களின் பெயரில் செய்கிற அர்ச்சனை அது. அப்பா அந்த நேரத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார்.

போருக்குப் போய்த் திரும்பி வந்த ஒருவரை அம்மா அதுவரை கண்டதில்லை. அவரிடம் கேட்க நிறைய இருந்தது. கேட்பதற்கு நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள்தான் வழி. தாத்தா கசாக்கில் சொல்ல, அவள் அதை ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்வேன். அவர் கையை ஆட்டி ஐந்து நிமிடம் சொன்னதை அவள், "சரியான குளிராம், குதிரை செத்துப்போச்சாம்" என்று சுருக்குவாள். நான் அதையும் சுருக்கி, "குளிராம்" என்பேன்.

"இவ்வளவு நேரம் கதைச்சதுக்குக் குளிர் மட்டுமோ?" என்று அம்மா என்னை முறைப்பார்.

ஒருநாள் கதை முக்கியமான இடத்துக்கு வந்தது. சண்டையில் அவர் செத்துவிட்டதாக அவருடைய தாய்க்குக் கடிதம் போனதாம். அதைக் கறுப்புக் கடிதம் என்பார்களாம். தாய் அதை நம்பவில்லையாம். பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"பிறகு? அவ எவ்வளவு காலம் காத்திருந்தவ? கேள் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே, கேத்திலை எடுத்து அவருடைய கோப்பையை விளிம்பு வரை நிரப்பினார்.

தாத்தா கோப்பையைப் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்துத் தலை குனிந்தார். மடமடவென்று குடித்துவிட்டுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால் முதல் நாளிலிருந்தே அப்படித்தான். நல்லாகக் கதைத்துக்கொண்டிருப்பவர் திடீரென்று எழும்பிவிடுவார். அம்மா சீனியைக் கூட்டினார், இஞ்சி தட்டிப் போட்டார், ஏலக்காய் போட்டார். ஒன்றும் சரிவரவில்லை. நான் துப்பறியத் தொடங்கினேன். முதல் கோப்பை அடுக்களையிலிருந்து வருவதால் சிந்தாதபடி கொஞ்சம் குறைவாக இருக்கும். மேசையில் வைத்து இரண்டாவதை ஊற்றும்போதுதான் அம்மாவின் கை தாராளமாகும்.

"ரெண்டாவது கோப்பையோடதான் எழும்புறார், அம்மா."

"அப்ப முதல் கோப்பை வாய்க்குப் பிடிக்கேல்லையாக்கும்" என்று அம்மா தேயிலையை மாற்றினார்.

விடை ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அவர்கள் எங்களைத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுடைய தாய், காது இல்லாத சின்னக் கிண்ணத்தில் அம்மாவுக்குத் தேநீர் நீட்டினார். பாதிதான் இருந்தது.

"பால் பஞ்சமோ, மனம் பஞ்சமோ" என்று அம்மா தமிழில் என் காதுக்குள் சொன்னார்.

அம்மாவின் முகத்தைப் பார்த்து அந்தத் தாய் சிரித்துவிட்டு விளக்கம் சொன்னார். அவர்களுடைய வழக்கத்தில் அரைக் கிண்ணம்தான் மரியாதையாம். நீங்கள் இன்னும் இருக்க வேண்டும், நாங்கள் இன்னும் இன்னும் ஊற்றித் தருவோம் என்று அர்த்தமாம். விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டுப் புறப்படுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லுகிறாராம்.

நான் தமிழில் சொல்லி முடிக்க, அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, அந்த மனுசனை ஒரு மாசமாக் கலைச்சுக்கொண்டிருந்திருக்கிறன்."

தாத்தாவுக்கு விஷயம் போனதும் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கணவன் வேலைக்குப் போன வீட்டில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை இந்தப் பெண் எவ்வளவு பண்பாகச் சொல்லுகிறாள் என்று தினமும் மெச்சிக்கொண்டுதான் போனாராம்.

அடுத்த நாள் அம்மா அளந்து பாதி ஊற்றினார். தாத்தா சாய்ந்து இருந்தார். பிறகும் பாதி. பிறகும் பாதி. கறுப்புக் கடிதம் வந்த பிறகும் அவருடைய தாய் வீட்டில் ஒருவரையும் ஒப்பாரி வைக்க விடவில்லையாம். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் மகனுடைய கிண்ணத்தையும் எடுத்து வைத்தாராம். ஒன்றரை வருடம் கழித்து, காலை இழுத்துக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றபோது தாய் அழவில்லையாம். "இரு, தேத்தண்ணி ஆறுது" என்றாராம்.

அம்மா அம்மன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "பாத்தியே பிள்ளை? கடிதம் பிழை."

நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல, அவள் கசாக்கில் சொன்னாள். தாத்தா கிண்ணம் போலக் கோப்பையை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துச் சுற்றினார். பிறகு மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். இந்த முறை அவள் சுருக்கவில்லை. நானும் சுருக்கவில்லை.

"அண்டைக்கு ரெண்டு கடிதம் வந்ததாம், அம்மா. மற்றது அவற்ற தம்பியைப் பற்றி. அந்தக் கடிதம்..."

அம்மா கேத்திலை எடுத்தார். பாதியில் நிறுத்தவில்லை. தேத்தண்ணி ஏறி ஏறி விளிம்புக்கு வந்து, ஒரு துளி வழிந்து தட்டில் விழுந்தது.

தாத்தா கோப்பையைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார். அன்று மடமடவென்று குடிக்கவில்லை. ஆறுதலாக, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு எழும்பினார்.

கதவு சாத்தியதும் நான் கோபித்துக்கொண்டேன். "என்னம்மா, நிறைய ஊத்திப்போட்டியள். போகச் சொன்ன மாதிரியெல்லோ."

"ஓம் பிள்ளை" என்றார் அம்மா. "மறந்துபோனன்."

அதற்குப் பிறகும் அவர் வந்தார். அரைக் கோப்பைகளும் கதைகளும் தொடர்ந்தன. அந்தக் கதையை மட்டும் இருவரும் தொடவில்லை. கோடையில் ஊருக்குப் போகும்போது நீலப் புத்தகத்தை அம்மாவின் கையில் கொடுத்தார். இரண்டு கடிதம் வந்த கதை இதில் இருக்கிறது என்று பேத்தி சொன்னாள். அம்மா அதை வாங்கிச் சாமித்தட்டில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

மறந்துபோனன் என்று அம்மா அன்று சொன்னதை நான் அப்படியே நம்பினேன். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று அப்பாவிடம்கூடச் சொன்னேன். கோப்பை வழிந்த அதே வார வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயர் தட்டை வாங்கிப் பெயர் கேட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஐந்து பெயர்களையும் ஐந்து நட்சத்திரங்களையும் ஒன்றும் விடாமல் சொன்னார். இவ்வளவும் ஞாபகம் இருக்கிறவருக்கு ஒரு கோப்பை எப்படி மறந்தது என்று யோசித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.